கேட்டதும் சொன்னதும்: நீரஜின் வெள்ளி

பாரிஸ் ஒலிம்பிக் ஈட்டி எறிதல் இறுதியில் நீரஜ் சோப்ரா எறிந்த ஆறில் ஐந்து ஃபவுல் (செல்லாத எறி). உலகச் சாம்பியனுக்குக் கோடு கண்ணில் படவில்லையா?
– வாசகர், திருநெல்வேலி

எறிபவர் தாண்டக்கூடாத அந்தக் கோடு தெரியாமல் இல்லை. முழு வேகத்தில் ஓடிவந்து இடது காலை விறைப்பாக ஊன்றும்போது அந்த வேகம் இடுப்பு, தோள் வழியாக ஈட்டிக்கு ஏறும். ஏறாமல் மிஞ்சியது ஆளை முன்னே தள்ளும். நீரஜ் எறிந்த கையோடு இரு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி விழுகிறாரே, அது இந்த மிச்ச வேகம்தான். விழும்போது கை கோட்டைத் தொட்டாலும் ஃபவுல்.

2024 ஆகஸ்ட் 8 அன்று, இரண்டாவது சுற்றில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையை உடைத்தார். அதே சுற்றில் நீரஜ் 89.45. அதுவரை அவருடைய வாழ்நாள் உச்சமே 89.94தான். தங்கம் வேண்டுமென்றால் அதற்கும் மேலே 3 மீட்டர் எறிய வேண்டும், அதுவும் தொடை இடுக்கில் காயத்தோடு. அப்படி முட்டி மோதி எறியும்போது கோட்டைத் தாண்டிவிடுவார்கள். இன்னொன்று: எறி குறைவு என்று கை சொல்லிவிட்டால், அளக்கவே வேண்டாம் என்று கோட்டைத் தாண்டிவிடுவதும் இந்த ஆட்டத்தில் சகஜம். எனவே ஃபவுல் கணக்கை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள்.

தோற்றபின் சிரித்துக் கைகொடுப்பது கேமராவுக்காகத்தானே?
– வாசகி, திண்டுக்கல்

ஒரு நாள் சிரிப்பு என்றால் சந்தேகப்படலாம். இது பழைய பழக்கம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜின் ஈட்டியை நதீம் எடுத்ததைச் சிலர் ஊதிப் பெரிதாக்கியபோது, அதில் தப்பே இல்லை, என் பெயரை இதற்கு இழுக்காதீர்கள் என்று வீடியோ போட்டார். 2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றதும் வெள்ளி வாங்கிய நதீமைப் படமெடுக்கக் கூப்பிட்டு நிறுத்தினார். 2024இல் நல்ல ஈட்டி இல்லாமல் நதீம் திண்டாடியபோது, அவருக்கு இந்த நிலை வரக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். அந்த நதீம்தான் ஐந்து மாதம் கழித்து இவரைத் தோற்கடித்தார்! பாரிஸில் காயத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார், ஆனால் இன்று நதீமின் நாள் என்பதில் பிசிறு வைக்கவில்லை. ஊரில் அம்மா சரோஜ் தேவி, தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்றார். வளர்ப்பு எங்கிருந்து என்று தெரிகிறது.

ஒரு சென்டிமீட்டரில் கோப்பையை விட்டாராமே?
– வாசகர், ஈரோடு

ஆமாம், டைமண்ட் லீக் என்ற தடகளப் போட்டித் தொடரின் பிரஸ்ஸல்ஸ் இறுதியில், 2024 செப்டம்பரில். கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ் 87.87, நீரஜ் 87.86. ஈட்டிமுனை முதலில் பட்ட இடத்திலிருந்து அளந்து, சென்டிமீட்டருக்குக் குறைந்த மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். இடது கையில் எலும்பு முறிவு என்று எக்ஸ்ரே படத்தை அவர் வெளியிட்டது போட்டி முடிந்த பிறகுதான். வலது கையால் எறிபவருக்கு இடது கை எதற்கு என்பீர்கள். அதை மார்போடு இறுக்கினால்தான் வலது தோள் சுழலும். விழும்போது தாங்குவதும் அதே கைதான்.

2025 தோஹாவில் 90 மீட்டர் தாண்டியும் இரண்டாம் இடமா?
– வாசகர், கடலூர்

90.23 எறிந்தார். ஜெர்மனியின் ஜூலியன் வெபர் கடைசி எறியில் 91.06.

மாவட்ட அளவில் எறியும் என் மகனுக்கு எப்போதும் ஃபவுல். என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால் முன்கால் ஊன்றும் இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து திரும்பி நின்று, வந்த வழியே பின்னோக்கி ஓடச் சொல்லி, அவன் ஓட்டம் தொடங்க வேண்டிய இடத்தை ஒருவர் பார்த்துக் குறிக்கட்டும். ஐந்தாறு முறை ஓடவிட்டு நடு இடத்தை எடுங்கள். ஓட்டப்பாதையின் ஓரத்தில் இரண்டு குறிகள் வைக்க விதி அனுமதிக்கிறது: ஒன்று தொடக்கத்துக்கு, மற்றது ஈட்டியைப் பின்னுக்கு இழுக்கும் இடத்துக்கு.

போட்டியன்று பரபரப்பில் எட்டு (காலடி) நீளும். 14 எட்டில் ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீண்டால் 1.4 மீட்டர் முன்னால் வந்துவிடுவான். அதைச் சமாளிக்கக் கடைசி இரண்டு எட்டைக் குறுக்கினால் முன்கால் மடங்கி, வேகம் அங்கேயே செத்துவிடும். தொடக்கக் குறியைப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஓட்டத்தைத் தொடாதீர்கள். ஈட்டி விழும்வரை பாதையிலேயே நிற்கட்டும். வெளியேறும்போது கோட்டுக்குப் பின்பக்கமாக வரவேண்டும். நன்றாக எறிந்துவிட்டு முன்பக்கமாக நடந்து போய் அதையும் ஃபவுலாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம்.