தனி வீடு, அட்வான்ஸ், நகைச் சீட்டு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை மூன்று வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 24 வயது. ஊர் திருவாரூர் பக்கம். பெருங்குடியில் வேலை. வேளச்சேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறோம். சாப்பாட்டோடு மாதம் 8,000 ரூபாய். வேலைக்குச் சேரும்போது வருடம் 4,20,000 என்றார்கள். கைக்கு வருவது மாதம் 28,400. அதில் 8,000 வீட்டுக்கு அனுப்புகிறேன். 3,000 வீட்டுச் செலவுக்கு, 5,000 என் பெயரில் அம்மா கட்டும் நகைச் சீட்டுக்கு. மாதம் 4,000 போல மிச்சம் பிடித்து, பேங்கில் 70,000 வைத்திருக்கிறேன்.

குரூப் 2 பரீட்சைக்குப் படிக்க நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் லைட் போட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்குத் தூக்கம் வராது. போன் பேசக்கூட மாடிப்படிக்குத்தான் போகிறேன். மேடவாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஒரு அறை, சமையலறை, பாத்ரூம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. அம்மாவிடம் சொன்னதும், "எட்டாயிரத்துக்குச் சோறும் போட்டுப் பத்திரமா வச்சிருக்கிற இடத்த விட்டுட்டு, தனியா இருக்க எதுக்குடி இவ்வளவு காசு? கல்யாணம் ஆனா எல்லாம் தன்னால வரும்" என்றார். தோழியோ, கையிருப்பைத் தொடாதே, ஆப்பில் லோன் போட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடு என்கிறாள். தனியாக இருக்க ஆசைப்படுவது ஆடம்பரமா அக்கா?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

ஆடம்பரம் இல்லை. படிக்க ஒரு விளக்கு, பேச ஒரு கதவு, இவ்வளவுதான் கேட்கிறீர்கள். ஆனால் இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போகாதீர்கள், ஆறு மாதமாவது பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

வீடு பார்க்கும்போது நாம் வாடகையைத்தான் பார்க்கிறோம். 9,000 தானே, கட்டிவிடலாம் என்று தோன்றும். நம் ஊரில் தனியாகக் குடிபோகிற பிள்ளைகளை முதலில் அடிப்பது உள்ளே நுழைகிற நாளின் செலவு. உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். அட்வான்ஸ் 60,000. முதல் மாத வாடகை 9,000. புரோக்கருக்கு 9,000. அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம், பாய் தலையணை, வாளி, மிக்சி என்று வாங்கப் போனால் சிக்கனமாகப் பார்த்தாலும் 15,000 ஆகிவிடும். குட்டி யானை வண்டிக்கும் ஏற்றி இறக்கவும் 2,000. மொத்தம் 95,000. உங்களிடம் இருப்பது 70,000.

அந்தப் பள்ளத்தை லோன் வாங்கி நிரப்பச் சொல்கிறாள் தோழி. வேண்டாம். 60,000 ரூபாயை 24 சதவீத வட்டிக்கு வாங்கினால், அசல் குறையாதவரை வருடத்துக்கு 14,400 ரூபாய் வட்டி. மாதத்துக்கு 1,200. அப்படியானால் அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை 10,200. வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கப்போகிற பணத்துக்கு நீங்கள் இன்னொருவருக்கு வட்டி கட்டுவீர்கள். கையிருப்பிலிருந்தே கொடுத்தாலும் அது சும்மா கிடக்கிற பணம்தான். ஆறரை சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால் வருடம் 3,900 ரூபாய் வந்திருக்கும். அட்வான்ஸும் ஒரு வகை வாடகைதான், பில் வராததால் நமக்குத் தெரிவதில்லை.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம். வாடகை 9,000, மெயின்டனன்ஸ் 500, கரண்ட் 400, கேன் தண்ணீர் 250, மளிகை, காய், பால், கேஸ் எல்லாம் சேர்த்து 5,000, நெட் 600. வேலை முடிந்து அலுத்து வருகிற நாட்களில் வெளியே சாப்பிட 1,500, இதை எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கூட்டினால் 17,250. வீட்டுக்கு 8,000 போக உங்கள் கையில் நிற்பது 3,150. இதில்தான் பஸ், போன் ரீசார்ஜ், துணிமணி, காய்ச்சல் வந்தால் டாக்டர் எல்லாம். ஒரே ஒரு பல்வலி போதும், இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

உங்கள் அம்மா "இவ்வளவு காசு" என்று பயப்படுவதில் தப்பு இல்லை. 8,000 எங்கே, 17,250 எங்கே.

எனக்கும் இந்த வழி தெரியும். 1998இல் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு. சம்பளம் 3,200. ஹாஸ்டலை விட்டுப் பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி அறைக்குப் போனேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாடகை 900, அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 9,000. அந்த அறை கிடைப்பதற்குள் எத்தனை வீட்டு வாசலில் நின்றேன் என்று எண்ணவில்லை. "ஃபேமிலியா?" என்பார்கள். தனியாகத்தான் என்றதும் முகம் மாறும். "அப்பா அம்மா வந்து கூட இருப்பாங்களா?" என்பார்கள். அப்புறம் சுற்றிவளைத்து ஜாதிக்கு வருவார்கள், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பதே பாதி நேரம் அதற்காகத்தான். நல்ல அறைகள் எல்லாம் அப்படிக் கைநழுவிப் போன பிறகு, கூரை கொதிக்கிற இந்த அறை மிஞ்சியது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை கூடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வேண்டாம் என்று சொல்லாத ஒரு சில வீட்டுக்காரர்களிடம்தான் நாம் பேரம் பேச முடிகிறது, அதனால் பேரமே பேசுவதில்லை. இருபத்தைந்து வருடத்தில் இது நிறைய மாறியிருக்கும் என்று நம்பியிருந்தேன். வீடு தேடுகிற பெண்கள் எழுதும் கடிதங்களைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

அந்த அறையில் இருந்த இரண்டு வருடமும் என் வாழ்க்கையில் நான் மிக அதிகம் படித்த வருடங்கள். முதல் நாள் ராத்திரி ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒரு மணி வரை விளக்கெரியப் படித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

காலி செய்யும்போது 9,000இல் 2,500ஐப் பிடித்துக்கொண்டார்கள். பெயின்ட் அடிக்க என்று காரணம் சொன்னார்கள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வருகிற நாளின் செலவு இது.

இன்றைக்கு உங்கள் கையில் என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம், 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. அந்தத் "தவிர"வுக்குள் நுழைந்துதான் ஆறு மாதம், பத்து மாதம் எல்லாம் வருகிறது. ஆனாலும் பேரத்தை மூன்றிலிருந்து தொடங்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. மூன்று மாதம் என்றால் 27,000 தான். கடைசியில் நாலில் முடிந்தாலும் 36,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதனால் கையெழுத்துப் போடும் முன் பெயின்டிங் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். குடிபோகிற அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: தனி மீட்டரா, சப்-மீட்டரா? தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு லேப்டாப், இவ்வளவோடு தனியாக இருப்பவர் அந்த நூறைத் தாண்டுவதே கஷ்டம். தனி மீட்டர் என்றால் உங்கள் பில் அநேகமாகப் பூஜ்யம். நாலு போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு வைத்து, உள்ளே சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் அதே நூறு யூனிட்டுக்கு 800. மேலே மாதம் 400 என்று நான் போட்டது அந்தக் கணக்கில்தான். கேஸுக்கு அலைய வேண்டாம். இந்தியன் ஆயிலின் 5 கிலோ 'சோட்டு' சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய சிலிண்டரைவிட விலை கூடுதல்தான், ஒரு ஆள் சமையலுக்குத் தாங்கும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4,20,000 என்றால் மாதம் 35,000, வருவது 28,400. நடுவில் போகும் பணத்தில் பெரும் பகுதி பிஎஃப். உங்கள் பங்கு மட்டுமில்லாமல் கம்பெனியின் பங்கையும் சேர்த்துத்தான் அந்த 4,20,000ஐச் சொல்லியிருப்பார்கள். அது தொலைந்த பணம் இல்லை, உங்கள் பணம். வேலை மாறும்போது எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது நகைச் சீட்டு. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம் இது. எனக்கு முழுக் கடிதமும் அங்கேதான் இருப்பதாகத் தோன்றியது. மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. அந்த வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸும் 60,000. உங்கள் சம்பாத்தியத்தில், உங்கள் பெயரில், உங்களுக்காகவே சேர்கிற பணம், ஆனால் எதற்கு என்று தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் தலைமுறைப் பெண்களில் பலருக்கு வீடும் நிலமும் ஆண்கள் பேரில்தான் இருந்தன. கழுத்தில் கிடந்தது மட்டும்தான் அவர்கள் சொத்து, ஆபத்துக்கு அடகு வைக்க முடிந்ததும் அது ஒன்றைத்தான். தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பை மகளுக்குச் செய்துவைக்கிறார். நிறுத்தினால் தங்கம் விலை இன்னும் ஏறிவிடும் என்பார், அதுவும் நியாயமான பயம்தான்.

அதனால் சண்டை போடாதீர்கள், கட்டிக்கொண்டிருக்கும் சீட்டைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் 11 மாதம்தான். அது முடிந்ததும் அடுத்ததைத் தொடங்காமல் இடைவெளி கேளுங்கள். வீட்டுச் செலவுக்கான 3,000 ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது. சீட்டுக்குப் போன 5,000, நீங்கள் ஏற்கெனவே சேர்க்கும் 4,000, இரண்டும் சேர்ந்தால் சீட்டு முடிந்த ஆறு மாதத்தில் 54,000. இருப்போடு சேர்த்து 1,24,000. நுழைகிற செலவு 95,000 போனாலும் 29,000 கையில் நிற்கும். அதைத் தொடாதீர்கள். வேலையோ உடம்போ சொல்லாமல் கொள்ளாமல் சரியில்லாமல் போகிற மாதத்துக்கு அது. அந்த மாடி அறையில் மூன்று நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தவள் சொல்கிறேன். ஹாஸ்டலில் யாராவது கஞ்சி கொண்டுவந்து தருவார்கள். தனி வீட்டில் ஆட்டோவுக்குப் பணமும் கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீடும் வேண்டும். குடிபோன முதல் வாரமே அந்தப் பக்கத்து வீட்டை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

அப்போது மாதக் கணக்கும் மாறும். 3,150 இருந்த இடத்தில் 8,150 இருக்கும். அதில் சிறிது சேர்க்கவும் முடியும், அம்மாவுக்காகச் சின்னதாக ஒரு சீட்டைத் திரும்பத் தொடங்கவும் முடியும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அப்படிப்பட்ட பஸ் அடிக்கடி வருகிற சாலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் பயணச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

ஆறு மாதமும் அந்த அறையில் இருக்கவே முடியாது என்றால், தமிழ்நாடு அரசின் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான 'தோழி' விடுதிகளையும் பாருங்கள். உங்கள் பக்கம் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. தூரம் கூடும், ஆனால் 60,000 அட்வான்ஸ் என்ற பேச்சு அங்கே இல்லை.

வீடு பார்க்கிறபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் உடனே சரி சொல்லாதீர்கள். 2015லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று புரோக்கரிடம் கேட்காமல், எதிரே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். கைவைத்தே காட்டுவார்.

அம்மாவிடம் போனில் பேசாதீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஊருக்குப் போங்கள். முடிந்தால் ஒருமுறை அவரைச் சென்னைக்கு அழைத்துவந்து இரண்டு இடத்தையும் காட்டுங்கள், முதலில் இப்போது இருக்கும் அறையை. நீங்கள் போன் பேசும் மாடிப்படியையும் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா