சலூனுக்குப் போனால் 'திர்' சேர்க்க வேண்டும்

கேள்வி: இஸ்தான்புலில் வேலை பார்த்துக்கொண்டே துருக்கி மொழி கற்கிறேன். சலூனுக்குப் போய்வந்து, 'சச்சுமு கெஸ்திம்' என்று சொன்னேன். 'நீங்களேவா?' என்று அலுவலகத்தில் வியந்தார்கள். எங்கே பிழை? பிறவினைக்கு விதி உண்டா?

பதில்: நீங்கள் சொன்னதற்கு, கத்தரியை எடுத்து உங்கள் முடியை நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். தமிழில் 'வீடு கட்டினேன்' என்றால் கொத்தனார் கட்டியதும் அதில் அடங்கிவிடுகிறது. துருக்கியில் அடங்காது, பிறர் கையால் நடந்ததை வினையே காட்டியாக வேண்டும். ஆகவே, 'சச்சுமு கெஸ்திர்திம்'. வீட்டுக்கு, 'எவ் யப்துர்தும்'. (துருக்கியின் புள்ளியில்லாத இகரம் நம் குற்றியலுகரத்தை ஒட்டி ஒலிப்பதால் உகரமாகவே எழுதுகிறேன்.)

வேரோடு 'திர்' சேர்வதே பொது வழி. வேரின் கடைசி உயிருக்கேற்ப அது 'துர்' என்றும் ஆகும். உயிரிலோ ர், ல் ஒலிகளிலோ முடியும் வேர் ஓரசைக்கு மேற்பட்டதாக இருந்தால் வெறும் 'த்' போதும்: அன்லமக் (வேர் 'அன்ல'; கடைசியில் வரும் 'மக்', 'மெக்' நம் 'செய்வது' என்பதன் 'வது' போன்ற விகுதி) என்றால் புரிந்துகொள்வது, அன்லத்மக் என்றால் விளக்குவது. 'யெ', அதாவது உண், ஓரசை வேர். எனவே ஊட்டுவது யெதிர்மெக்.

விதிக்கு அடங்காத ஓரசை வேர்கள் சில உண்டு. குடிப்பது இச்மெக், குடிக்க வைப்பது இச்சிர்மெக். அஞ்சுவது கொர்க்மக், அச்சுறுத்துவது கொர்குத்மக். வெளியேறுவது சுக்மக், வெளியே எடுப்பது சுகர்மக். இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. அன்றாடம் புழங்கும் சொற்கள்தாம். ஓடு–ஓட்டு, திரும்பு–திருப்பு போல இணை இணையாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

தமிழர் உண்மையில் சறுக்குவது வேற்றுமையில். 'குழந்தையைத் தூங்க வைத்தேன்', 'குழந்தையைப் பால் குடிக்க வைத்தேன்' என்று இரண்டிலும் நாம் 'ஐ' போடுகிறோம். துருக்கியில் முதல் வாக்கியம் 'சொஜுவு உயுத்தும்'. தூங்குவது செயப்படுபொருள் குன்றிய வினை என்பதால் அங்கே இரண்டாம் வேற்றுமை சரி. இரண்டாவதில் பால் என்ற செயப்படுபொருள் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் குழந்தை நான்காம் வேற்றுமைக்கு நகர்கிறது: 'சொஜுவா சுத் இச்சிர்திம்', குழந்தைக்கு. இதே கணக்கில் முடிதிருத்துபவரைக் குறிப்பிட 'பெர்பெரெ' என்பதே சரி, 'பெர்பெரி' தவறு. வெட்டியவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.