தேக்குக்கு நடுவுல ஒரு கல்லறை

கேள்வி: டாப்ஸ்லிப்ல ஒரு வெள்ளைக்காரர் சமாதி இருக்காமே, அங்க நடந்து போக விடுவாங்களா? அப்படி என்னதான் பண்ணாரு அவரு? (வாசகி, திருப்பூர்)

பதில்: இருக்குங்க. ஹ்யூகோ வுட், ஃபாரஸ்ட் ஆபீசர், 1933ல இறந்தாரு. கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும்னு ஆனைமலைத் தேக்க வெட்டித் தள்ளுன காலம் அது, மேல இருந்து மரத்த சரிச்சு விட்ட எடம்ங்கறதாலதான் டாப்ஸ்லிப்னு பேரே வந்துச்சு. இவரு வந்து, வேரோட எடுக்காதீங்க, மறுபடி துளிர் விடுற மாதிரி அடிக்கட்டைய விட்டு வெட்டுங்கன்னு சொல்லி, மொட்டையான எடத்துலயெல்லாம் தேக்கு நட்டாரு. கல்லறையில லத்தீன்ல ஒரு வரி: என் நினைவுச்சின்னத்தத் தேடுறியா, சுத்திப் பாரு. லண்டன் செயின்ட் பால்ஸ் சர்ச்ல, அதக் கட்டுன கிறிஸ்டோபர் ரென் கல்லறையில இருக்குற அதே வரிதான், ஆனா எனக்கென்னவோ இங்கதான் அது நல்லாப் பொருந்துது.

தனியா கெளம்பிடாதீங்க. புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் வேற, அதனால சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி டாப்ஸ்லிப் போனதும் வனத்துறை ஆபீஸ்ல கேட்டு, ஃபாரஸ்ட் கார்டு (வனக்காவலர்) கூட வந்தா மட்டும் நடங்க.

கேள்வி: கைத்தடியால குத்திக் குத்தி விதை போட்டே காட்ட உருவாக்கினாருன்னு சொல்றாங்களே, நம்பலாமா? (வாசகர், உடுமலை)

பதில்: வெள்ளிப்பூண் போட்ட கைத்தடின்னு சொல்லுவாங்க, நல்ல கதைதான், அவரு அப்படிக் குத்திக்கிட்டே நடந்தும் இருக்கலாம். ஆனா ஒரு தடிய வச்சு மலையவே நட முடியுமா சார்? நாத்து வளர்க்கணும், களையெடுக்கணும், காட்டுத்தீய அணைக்கணும், அதுக்கெல்லாம் எத்தன கை வேணும், அந்தக் கைகளோட பேரு எதுவும் கல்லுல இல்ல. இன்னொன்னு, அங்க பாக்குற மரமெல்லாம் இயற்கையா வளந்த காடுன்னு நெனச்சுக்காதீங்க, ஒரே உசரத்துல வரிசை புடிச்சு நிக்குதுன்னா அது நட்ட தேக்கு, பல ஜாதி மரம் கலந்து கொடி பின்னிக் கெடந்தாதான் பழைய காடு, நடக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எந்த மாசம் போலாம்? (கல்லூரி மாணவி, கரூர்)

பதில்: மழை விட்டதும் போங்கம்மா, அட்டை கொஞ்சம் கடிக்கும், பரவால்ல. வெயில் ஏற ஏறத் தேக்கு இலையக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், பிப்ரவரி நடுவுல இருந்து தீ பயத்துல டிரெக்கிங்கயும் நிறுத்திடுவாங்க. தேக்கோட இளந்தளிர உள்ளங்கையில வச்சுக் கசக்கினா மருதாணி மாதிரி செவக்கும், ஆனா அத உங்க ஊர் தேக்குல பண்ணிப் பாருங்க, அங்க பறிச்சா கார்டு திட்டுவாரு.