மேலே போனால் மைனஸ், கீழே வந்தால் பிளஸா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாடியிலிருந்து பந்தை மேலே எறியும் கணக்குகளில் ஈர்ப்பு முடுக்கத்துக்கு என்ன குறி போடுவது என்று குழம்பிவிடுகிறாள். 'மேலே போகும்போது மைனஸ், கீழே வரும்போது பிளஸ்' என்று டியூஷனில் சொன்னார்களாம். அப்படிப் போட்டும் பாதிக் கணக்கு தப்பாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த விதியை மறந்துவிடச் சொல்லுங்கள். ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு கணக்காகப் பிரித்துப் போட்டால் மட்டுமே அது சரிவரும். ஒரே சமன்பாட்டில் போடும்போது பிள்ளைகள் நடுவழியில் குறியை மாற்றிவிடுகிறார்கள்.

பந்து ஏறினாலும் இறங்கினாலும் பூமி அதைக் கீழேதான் இழுக்கிறது. அதனால் பந்து போகும் பக்கத்தைப் பார்த்துக் குறி போடக் கூடாது. நாம் எந்தத் திசையை பிளஸ் என்று வைத்தோமோ, அதைப் பார்த்துத்தான் போட வேண்டும். தாளின் ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஒரு பிளஸ். கணக்கின் கடைசி வரிவரை அதை மாற்றவே கூடாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 25 மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை நேர்மேலே எறிகிறோம். காற்றுத் தடையை விட்டுவிடலாம், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம் (பரீட்சையில் 9.8 என்று கொடுத்திருந்தால் அதையே போடட்டும்). தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10. இடப்பெயர்ச்சி? சறுக்குவது இங்கேதான். பந்து 20 மீட்டர் ஏறி 45 மீட்டர் இறங்குகிறது என்று கூட்டி 65 போட்டுவிடுவார்கள். அது கடந்த தொலைவு. இடப்பெயர்ச்சிக்குப் புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் போதும். தரை 25 மீட்டர் கீழே இருக்கிறது, ஆக −25.

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்ற சூத்திரத்தில், நேரத்தை 'டி' என்று எழுதினால்:
−25 = 20டி − 5டி²

சுருக்கினால் டி² − 4டி − 5 = 0. விடை 5 அல்லது −1. பந்து 5 நொடியில் தரையைத் தொடும். அப்போது திசைவேகம் 20 − 50 = −30. கீழ்நோக்கி வருகிறது என்பதை அந்த மைனஸே சொல்லிவிடுகிறது.

−1 என்ற விடையைச் சட்டென்று அடித்துவிட வேண்டாம். 1 நொடி முன்னதாகவே, தரையிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் யாரோ எறிந்திருந்தால், அந்தப் பந்து சரியாக இந்த நேரத்தில் மாடி விளிம்பை 20 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்கு மாடி இருப்பதே தெரியாது, அதனால் அந்த விடையையும் சேர்த்தே தருகிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டின் மேல் இருக்கும் பயம் பெருமளவு போய்விடும்.

இன்னொன்று: 2-ஆவது நொடியில், உச்சியில், திசைவேகம் சுழி. முடுக்கம் அப்போதும் −10 தான். அதுவும் சுழியாகிவிட்டால் பந்து இறங்காமல் அங்கேயே நின்றுவிடும்.

சாய்வாக எறியும் கணக்குக்கும் இதே முறைதான். அதே மாடியிலிருந்து நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 53 டிகிரி கோணத்தில் எறிந்தால், செங்குத்துக் கூறு 20, கிடைத்தளக் கூறு 15. செங்குத்துக் கணக்கு மேலே போட்டதேதான், எனவே நேரம் 5 நொடி. பக்கவாட்டில் முடுக்கம் கிடையாது, ஆக 15 × 5 = 75 மீட்டர் தள்ளி விழும். மனப்பாடம் செய்த நெடுக்கச் சூத்திரத்தை (பந்து எவ்வளவு தள்ளி விழும் என்று நேரடியாகச் சொல்வது) போட்டால் 60 தான் வரும். பந்து 4-ஆவது நொடியில் மீண்டும் மாடி மட்டத்துக்கு வரும் இடம் அது. எறிந்த மட்டத்திலேயே விழும் பந்துக்கு மட்டும்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். மாடி, குன்று, பாலம் என்று கேள்வியில் வந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

இப்போது மகளிடம் இதைக் கொடுங்கள்: அதே மாடி, அதே 20 மீட்டர் வேகம், ஆனால் நேர்கீழே எறிகிறோம். தொடக்கத் திசைவேகம் −20 என்று அவளே போட வேண்டும். 1 நொடி என்று விடை வரும். தரையைத் தொடும் வேகம், மேலே எறிந்தபோது வந்த அதே 30 தான். ஏன் அப்படி என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.