புதிதாக வைத்த பொறியை வீட்டு எலி ஏன் சீண்டுவதில்லை?

இதைப் புதுப்பொருள் அச்சம் என்பார்கள். பழகிய பாதையில் புதிதாக எது கிடந்தாலும் எலி சில நாள் ஒதுங்கியே போகும். தின்ற நஞ்சை வாந்தியெடுக்க எலியால் முடியாது; முன்கூட்டியே பயப்படுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. புதுப் பட்டி வாசலில் தயங்கி நிற்கும் மாட்டைப் போல.

இலங்கையின் வன்னியில் காலபோக (மாரிமழைப் போக) நெல் வெட்டி மூட்டை வீட்டுக்குள் வந்ததும் எலித் தொல்லை கூடும். அடிக்கும் பொறியைத் தீனிப் பக்கம் சுவரில் முட்ட வையுங்கள். கருவாட்டுத் துண்டையோ சுட்ட தேங்காய்ச் சொட்டையோ நூலால் கட்டி, 4, 5 நாள் விசை ஏற்றாமல் விடுங்கள். 2 இரவு தொடர்ந்து தீனி குறைந்த பிறகே ஏற்றுங்கள். முதல் நாளே ஏற்றினால், அடிபட்டுத் தப்பிய எலி பிறகு கிட்டவும் வராது. (சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், அது புதியதைத் தேடிவந்து முகரும்.)

மனித வாடை பட்டதால்தான் பொறி பலிக்கவில்லை என்பது தவறு; வீட்டு எலி அந்த வாடையிலேயே வளர்கிறது.