பாட்டு வராவிட்டால் ஆராதனை இல்லையா?

சகோதரி, அம்மா போன பிறகு சபையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது வாய் திறக்க முடியவில்லை, பாடினாலும் நடிப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நடிக்க வேண்டாம். பைபிளில் 88-ம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். முழுக்கப் புலம்பல்தான், எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. அதையும் ஆலயத்தில் பாடிவந்த கோராகின் புத்திரரின் பாட்டு என்றுதான் தலைப்பிட்டு வைத்திருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் தொழுதலுக்கு அதிகம் வரும் எபிரெயச் சொல்லுக்குக் குனிந்து பணிதல் என்று பொருள். கைதட்டலும் மைக்கும் அதில் இல்லை!

அப்பா இறந்த வருஷம் நான் கடைசி பெஞ்சில், பாமாலைப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பாட்டி சுருதி விலகிப் பாடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிறு, பரமண்டல ஜெபத்தில் மட்டும் வாய் அசைந்தது. நீங்களும் பின்வரிசையில் சும்மா உட்காருங்கள். யாராவது 'எழுந்து பாடுங்கள்' என்றால், முடியவில்லை என்று சொல்லிவிடலாம்.