பிராங்க்ளினிடம் வாழக் கற்கலாமா?

கேள்வி: பெஞ்சமின் பிராங்க்ளினிடம் வாழக் கற்போம் என்று பிந்தான் தீவில் வார இறுதி முகாமாம், தோழி கூப்பிடுகிறாள், கட்டணம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. போகலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: கடற்காற்று வாங்க என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ரெண்டு நாளில் எப்படி? அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அந்த மனுஷரே 13 நற்குணங்களை எழுதி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக 13 வாரம், தவறியதற்கெல்லாம் ஒரு சின்ன நோட்டில் கரும்புள்ளி வைத்து, அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர். பட்டியலில் முதலில் இருந்தது 12தான். உமக்குத் தலைக்கனம் என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பணிவு சேர்ந்தது. (முகத்துக்கு நேரே சொல்ல அப்படி ஒரு நண்பர்!) அவரை ரொம்பப் படுத்தியது ஒழுங்கு. 1783இல் அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவருக்குத் தன் காகிதங்களை இடம் பார்த்து வைக்க வரவில்லை. அவருடைய சுயசரிதை நூலகத்தில் இருக்கும், முதலில் அதை இரவல் எடுங்கள்.